ப்ளூரே கடைக்கு நான் போட்ட காஸ்டிங்

என் வேலையைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். இல்லைன்னா நான் செஞ்சது எவ்வளவு பெரிய தப்புன்னு யாருக்கும் விளங்காது.

திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில காஸ்டிங் பார்க்கறேன். ஒரு டீ-ஷர்ட்டுக்கு நூல் எவ்வளவு, நிட்டிங் கூலி எவ்வளவு, சாயம், தையல், செக்கிங், பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி, வேஸ்டேஜ் எல்லாம் எவ்வளவுன்னு வரி வரியா எழுதி, கடைசியில ஒரு பீஸ் இன்ன விலைன்னு சொல்றதுதான் என் சோலி. கேட்கறதுக்கு நேர்மையான வேலை மாதிரி இருக்கும். மேல இருக்கறதைக் கூட்டினா கீழ விலை வரும்னு நினைப்பீங்க. மண்ணாங்கட்டி! வெளிநாட்டுக்காரன் விலையை முதல்லயே சொல்லிடுவான். அதுக்குப் பேரு டார்கெட் பிரைஸ். அந்த விலையைத் தாளோட அடியில எழுதி வெச்சுக்கிட்டு, அங்கிருந்து மேல ஏறிப் போகணும். வேஸ்டேஜ் அஞ்சு சதவீதம்னு இருந்தா மூணு ஆக்குவோம். ஒரு டைலர் நாளைக்கு அம்பது பீஸ் தைப்பார்னா அறுபதுன்னு போடுவோம். ஒவ்வொரு வரியிலயும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளினா அவன் சொன்ன விலை வந்துடும். வந்ததும் எங்க மேனேஜர், "பாருங்க, நான்தான் சொன்னனே, வருமுங்க"ம்பார். வராம எங்க போகும்? நாம வர வெச்சா அது வந்துதானே ஆகணும்!

ஊர்ல இதை யாரும் பொய்னு சொல்ல மாட்டாங்க. அட்ஜஸ்ட் பண்றதும்பாங்க. ஆர்டர் கைக்கு வந்த பொறவு நூல்காரர்கிட்ட கொஞ்சம், தையல்காரர்கிட்ட கொஞ்சம்னு பேசிக் குறைச்சு, எப்படியோ கரையேறிடுவாங்க. அதனால எனக்கும் அது தப்பாத் தெரிஞ்சதில்லை. அந்தக் கையோட வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் கேட்ட கணக்கையும் அப்படியே போட்டுக் குடுத்துட்டேன்.

அவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். வட்டமா ஆளுயரத்துக்கு நிக்கற மிஷின்ல ஆயிரக்கணக்கான ஊசி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். ஒரு ஊசி ஒடிஞ்சாலும் துணியில நெடுக்கக் கோடு விழும். எந்தப் பக்கத்து ஊசின்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவார். மத்தவங்க விளக்கு அடிச்சுத் தேடிக்கிட்டு இருக்கும்போது இவர் நேராப் போயி அந்த ஊசியைப் பிடுங்கி எடுப்பார்னு கம்பெனியில சொல்லுவாங்க. கெட்டிக்காரர்தான். ஆனா அந்த மிஷின் ஓடற கொட்டகை பூரா பஞ்சு பறந்துக்கிட்டே இருக்கும். காலையில கருகருன்னு முடியோட போறவர் சாயங்காலம் நரைச்சுப் போயி வர்றாருன்னு எங்க மகள் கேலி பண்ணுவா. அப்ப அவ எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. நாங்களும் சிரிச்சோம். என்னத்தைக் கண்டோம்.

பதினாறு வருஷம் அந்தப் பஞ்சுல நின்னார். முதல்ல காலையில மட்டும் இருமல். அப்புறம் படியேறினா இருமல். அதுக்கப்புறம் படுக்கவே முடியலை, சுவத்துல தலகாணியைச் சாய்ச்சு வெச்சு உட்கார்ந்துக்கிட்டே தூங்குவார். மூச்சு இழுக்கறப்ப குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி சன்னமா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி வரும். டாக்டர் சுத்தி வளைக்காம சொன்னார்: "பஞ்சுல நின்னா இது நிக்காதுங்க. வேற பொழப்புப் பாருங்க. இப்பவே விட்டா நெஞ்சு தேறிக்கும். இன்னும் பத்து வருஷம் நின்னீங்கன்னா தேறாது." கம்பெனியில பேக்கிங்ல போடறோம்னாங்க. சம்பளம் பாதி. அதோட, நேத்து வரைக்கும் மாஸ்டர், மாஸ்டர்னு கூப்பிட்டவங்க முன்னாடி அட்டைப்பெட்டி ஒட்டணும். அவர் ரோசக்காரர், முடியாதுன்னுட்டார்.

அந்தச் சமயத்துலதான் அவர்கூட ஒண்ணாப் படிச்சவர் ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருந்து வந்தார். டிஸ்க் மொத்த வியாபாரம் பண்றவர். ஞாயித்துக்கிழமை, ஒரம்பரை வந்திருக்காங்கன்னு கோழி எடுத்துக் குழம்பு வெச்சேன். சாப்பிட்டு முடிச்சுட்டு, கொண்டு வந்த பெட்டியைத் திறந்து ஒரு பிளேயரை எங்க டிவியில மாட்டினார். ஒரு டிஸ்க்கை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். அடிப்பக்கம் லேசா நீலமா மின்னுச்சு. ப்ளூரேன்னு அப்பதான் முதல் தடவையாக் கேள்விப்பட்டேன்.

"டிவிடியைத் தள்ளுவண்டியில கூவிக் கூவி விக்கறானுங்க தங்கச்சி. முப்பது ரூபாய்க்கு மூணு படம் காப்பி அடிச்சுத் தர்றான். அதுல கடை வெச்சா நாம காலி. இதை அவனால காப்பி அடிக்க முடியாதுங்க. இப்ப ஒரு டிஸ்க் ஆயிரத்துக்குப் பக்கம் வருது. ஆரு வாங்குவாங்கன்னு கேப்பீங்க. வாங்க மாட்டாங்க, வாடகைக்கு எடுப்பாங்க. டிவிடி பிளேயர் வந்த புதுசுல என்ன விலை வித்துது? இப்ப என்ன விலை? இதுவும் அப்படித்தான் இறங்குமுங்க. இறங்கி வரும்போது எல்லா ஊட்லயும் இதுதான் இருக்கும். அன்னிக்குப் போயி கடை வெச்சா ஆகுமா? இன்னிக்கே வெச்சவந்தான் நிப்பான்."

நான் அப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இன்னிக்கு நினைச்சாலும் அது சரியான கேள்விதான். "விலை இறங்கும்னு சொல்றீங்க, அப்படின்னா இப்ப ஆயிரம் குடுத்து வாங்கி அடுக்கி வெக்கற சரக்கு என்னங்க ஆகும்?"

அவர் சிரிச்சார். "அதுக்குள்ள வாடகையிலயே போட்டதை எடுத்துருவாருங்க!"

அந்த இடத்துல இழுத்துப் பிடிச்சிருக்கணும். கம்பெனியில நூல் விலை இறங்கும்போது கையில ஸ்டாக் வெச்சிருக்கறவன் என்ன கதிக்கு ஆளாவான்னு தினம் பார்க்கறவ நான். ஆனா எங்க வீட்டுக்காரர் அந்த டிவியையே பார்த்துக்கிட்டு இருந்தார். கடலுக்குள்ள மீனுங்க நீந்தற படம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் மூஞ்சியில ஒரு வெளிச்சம். வாயை மூடிக்கிட்டேன்.

அடுத்த வாரம் பூரா அவர் ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சார். தெரிஞ்சவங்க, கம்பெனி சூப்பர்வைசருங்க, கொஞ்சம் வசதியானவங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும், "இந்த மாதிரிப் புது டிஸ்க் வந்திருக்குங்க, ஒரு நாளைக்கு வாடகை எவ்வளவு குடுப்பீங்க?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்தார். முக்கால்வாசிப் பேர் சொன்னது முப்பது. சரி, அதுதான் டார்கெட் பிரைஸ். நோட்டை என் மடியில வெச்சு, "முப்பதுக்குக் கட்டுப்படி ஆகுமான்னு காஸ்டிங் போட்டுப் பாரு அம்முணி. நீ ஆகும்னா வெப்போம். ஆகாதுன்னா விட்டுரலாம்"னார்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். கம்பெனியில போடற மாதிரியே கோடு கிழிச்சு, முதல்ல யோக்கியமாத்தான் போட்டேன். நூறு டிஸ்க். கடை வாடகை, கரண்ட், வீட்டுக்கு அவர் கொண்டு வரவேண்டிய சம்பளம். நாளைக்குப் பத்து டிஸ்க் வாடகைக்குப் போகும்னு வெச்சேன். அதுவே அதிகம், எங்க ஆபீஸ்ல அத்தனை பேர் இருந்தும் அந்தப் பிளேயர் மேனேஜர் வீட்டுல மட்டும்தான் இருந்துச்சு. கீறல் விழுந்து வீணாப் போறது நூத்துக்கு எட்டு. ஒரு டிஸ்க்கைக் கேட்டு ஆள் வர்றது அதிகம் போனா ஒன்றரை வருஷம். கூட்டிப் பார்த்தா ஒரு நாள் வாடகை எழுபத்தஞ்சு ரூபாய் வந்துச்சு. முப்பது எங்க, எழுபத்தஞ்சு எங்க! பேனாவைக் கீழ வெச்சுட்டேன்.

அவர் பக்கத்துலதான் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து விடறது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "வருமா அம்முணி?"ன்னார்.

வராதுன்னு சொல்லியிருந்தா அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். திங்கக்கிழமை அதே கொட்டகைக்குப் போயிருப்பார். "இருங்க, ஒரு வரி விட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டுத் தாளைத் திருப்பினேன். முப்பதைக் கீழ எழுதினேன். அங்கிருந்து மேல ஏறினேன். நாளைக்குப் பத்துங்கறதை இருபது ஆக்கினேன். ஒன்றரை வருஷத்தை மூணு வருஷம் ஆக்கினேன். கீறல் எட்டு இருந்ததை ரெண்டுக்குக் கொண்டு வந்தேன். கரண்ட் பில்லைக் கிள்ளினேன். இருபத்தொன்பது ரூபாய் சில்லறைன்னு வந்து நின்னுச்சு. கையெழுத்து கூட நடுங்கலை. தினமும் செய்யற வேலைதானே.

"முப்பதுக்குள்ள அடங்குதுங்க"ன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கி, மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வெச்சுப் படிச்சுட்டு, நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார்.

பி.எஃப். பணத்தை எடுத்து, வீரபாண்டிப் பக்கம் மெயின் ரோட்டுல கடை பிடிச்சார். பளபளன்னு கண்ணாடி ஷெல்ஃபு, பெரிய டிவி. முதல் நாளே கூட்டம்னா கூட்டம். ஷிப்ட் முடிஞ்சு போறவங்க சைக்கிளை நிறுத்திட்டு வாயைப் பிளந்துக்கிட்டு நின்னாங்க. அதே மீன் படம்தான். "அடேங்கப்பா, தண்ணி நம்ம மேலயே தெறிக்கற மாதிரி இருக்குதுங்க!"ன்னு ஒருத்தர் சட்டையைத் தடவிப் பார்த்தார். பார்த்துட்டு, போற வழியில தள்ளுவண்டியில முப்பது ரூபாய் டிவிடி வாங்கிக்கிட்டுப் போனார். பிளேயர் இல்லாத வீட்டுக்கு அந்த நீல டிஸ்க்கை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

ஆனா ஒண்ணு சொல்லணும். கடை வெச்ச மூணாம் மாசம் அவருக்கு இருமல் குறைஞ்சுச்சு. ஆறாம் மாசம் தலகாணியைச் சுவத்துல இருந்து எடுத்துட்டு மல்லாக்கப் படுத்துத் தூங்கினார். ஒரு நாள் விடியக்காலையில எந்திரிச்சுப் பார்க்கறேன், சத்தமே இல்லை. பக்குனு ஆயிடுச்சு. மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்த்தேன். மூச்சு சீரா வந்துக்கிட்டு இருந்துச்சு. அப்படியே உட்கார்ந்து அழுதேன். நான் போட்ட கணக்கு பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், இது ஒண்ணு போதும் முருகான்னு கும்பிட்டேன்.

கடைக்கு வர்ற ஆளுங்க நாளைக்கு மூணு, நாலுன்னுதான் இருந்துச்சு. வர்றவங்களும் தமிழ்ப் படம் கேட்டாங்க. அந்த டிஸ்க்குல தமிழ்ப் படம் விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் வந்திருந்துச்சு, மிச்சமெல்லாம் இங்கிலீஷ். பணக்கார வீட்டுக்குப் போயி விப்போம்னு ஒரு பனியன் கம்பெனி முதலாளி வீட்டுக்குப் பிளேயரைத் தூக்கிக்கிட்டுப் போனார். அந்த வீட்டு அம்மா காபி குடுத்து, முழுசா உட்கார்ந்து பார்த்துட்டு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க. இதுல நம்ம பழனி முருகன் அபிஷேகம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. இல்லீங்கன்னார். "அப்படீங்களா, வந்ததும் சொல்லுங்க"ன்னு மரியாதையா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியிருக்காங்க. அதை அவர் வீட்டுல வந்து சொன்னப்ப நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். கடைசியாச் சேர்ந்து சிரிச்சது அதுதான்னு நினைக்கறேன்.

அப்புறம் கரண்ட் கட் வந்துச்சு. ஒரு மணி நேரம் இருந்தா ஒரு மணி நேரம் இருக்காது. கம்பெனிக்காரங்க ஜெனரேட்டர் வெச்சு ஓட்டினாங்க. வீட்டுல உட்கார்ந்து படம் பார்க்க ஆரு ஜெனரேட்டர் வெப்பாங்க? பாதிப் படத்துல கரண்ட் போச்சு, வாடகையைக் குறைச்சுக்கங்கன்னு சண்டைக்கு வந்தாங்க. இவரும் குறைச்சுக்கிட்டார். நான் தாள்ல கிள்ளின கரண்ட் பில்லு நிஜமாவே குறைஞ்சு போச்சு, அது மட்டும்தான் நான் எழுதினபடி நடந்துச்சு. அட கெரகமே!

பக்கத்துக் கடை செல்போன் ரீசார்ஜ் கடை. தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவர், நல்ல மனுசன். ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வெச்சுக்கிட்டு, மெமரி கார்டுல படம் ஏத்திக் குடுக்க ஆரம்பிச்சார். பத்து ரூபாய்க்கு அஞ்சு படம். ஞாயித்துக்கிழமையானா அவர் கடை முன்னாடி ரோடு வரைக்கும் நிப்பாங்க. பீகார், ஒடிசாவுல இருந்து வந்திருக்கற பசங்க, "பையா, நயா பிக்சர் டால் தோ"ன்னு, புதுப் படம் ஏத்தச் சொல்லிக் கார்டை நீட்டுவாங்க. உள்ளங்கை அகலத் திரையில, கரண்ட்டு தேவையில்லாம, ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டே பார்த்துக்குவாங்க. எங்க கடையில அத்தாம்பெரிய டிவியில மீனுங்க யாருக்கும் இல்லாம நீந்திக்கிட்டு இருந்துச்சு.

அந்தத் தூத்துக்குடிக்காரருக்கே மனசு கேட்கலை. ஒரு நாள் நான் கடையில இருக்கறப்ப வந்து, "அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. படம்னா உங்க டிவியிலதான் பாக்கணும், அதுல மறுப்பே இல்ல. ஆனா எவன் இனிமே டிஸ்க்கைத் தூக்கிட்டுத் திரியப் போறான்? நீங்களும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போடுங்க, நானே சொல்லித் தாரேன்"னார்.

இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாமுங்க, திருட்டுச் சரக்கு நமக்கு ஒத்து வராதுங்க"ன்னார். எனக்கு வந்துச்சே கோவம்! அவர் போனதும் இவரைப் பிடிச்சுக்கிட்டேன். "ஆமா, உங்க நேர்மைக்கு மாலை போட்டு ஊர்வலம் கூட்டிக்கிட்டுப் போகப் போறாங்க! மகளுக்குப் பீஸ் கட்ட வேண்டாமா? ஊரே பண்ணுது, நீங்க மட்டும் என்ன பெரிய இது?"

இவர் ஒரு துணியை எடுத்து டிஸ்க் ஒவ்வொண்ணாத் துடைச்சார். அதுல ஒண்ணுல கூடக் கீறல் கிடையாது. யாராவது எடுத்துக்கிட்டுப் போனாத்தானே கீறல் விழும். பொய்க்கணக்கு போட்டுக் குடுத்த வாய் நேர்மையைப் பத்திக் கத்திக்கிட்டு இருக்குதேன்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. இருந்தும் கத்தறதை நிறுத்தலை.

தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார். முழுப் பக்க விளம்பரம். பிளேயர் விலை பாதியா இறங்கியிருந்துச்சு. டிஸ்க் முந்நூத்தித் தொண்ணூத்தொன்பது. "பாரு அம்முணி! அவன் சொன்னான்ல, இறங்கும்னு! இனி எல்லா ஊட்லயும் வாங்குவாங்க. கூட்டம் வரும் பாரு!" குழந்தை மாதிரி நின்னார். எனக்கு அந்த முந்நூத்தித் தொண்ணூத்தொன்பதுதான் கண்ணுல பட்டுச்சு. நாங்க தொள்ளாயிரம், ஆயிரம்னு வாங்கின சரக்கு ஷெல்ஃபுல அப்படியே இருந்துச்சு. நான் சொல்லலை. நாலு நாள் கழிச்சு ஒருத்தர் வந்து, "புதுசே இந்த விலைக்கு வருதுங்களே, உங்களுது பழசுதானே, நூறு ரூபாய்னு குடுங்க, நாலஞ்சு எடுத்துக்கறேன்"னு கேட்டப்பத்தான் அவருக்கு உறைச்சுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் மூஞ்சி தொங்கிப் போயி வந்தார்.

கோயம்புத்தூர் நண்பருக்குப் போன் போட்டார். "பார்க்கலாமுங்க, பார்க்கலாமுங்க"ன்னு நண்பர் ரெண்டு தடவை சொன்னார். மூணாவது தடவை எடுக்கலை. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். விலை இறங்கும்னார், இறங்குச்சு. அவர் குடோன்லயும் இதே கதியாத்தான் இருந்திருக்கும்.

ரெண்டு வருஷத்தோட கடையைக் காலி பண்ணினோம். மிச்சச் சரக்கை எடுக்க ஸ்டாக் லாட் வியாபாரி ஒருத்தர் வந்தார். திருப்பூர்ல மிச்சம் விழறது எதுவானாலும் எடை போட்டு வாங்கற ஆளுங்க இருக்காங்க, பனியன் மிச்சம், நூல் மிச்சம், எல்லாம். அவர் பழக்க தோசத்துல டிஸ்க்கையும் சாக்குல கொட்டித் தராசுல தூக்கி வெச்சார். "ஏனுங்க, இது கிலோக் கணக்குல வாங்கறதுங்களா?"ன்னு இவர் கேட்டார். "இதுக்கு வேற எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியலீங்களே"ன்னார் அவர். நிஜமாவே அவருக்குத் தெரியலை. கொட்டும்போது சடசடன்னு சத்தம் கேட்டுச்சு. நான் உள்ளே போயிட்டேன்.

வீட்டுக்கு வந்த பொறவு அவர் என்னைத் திட்டுவார்னு காத்துக்கிட்டு இருந்தேன். திட்டியிருந்தா நானும் கத்தி, அழுது, உண்மையைச் சொல்லித் தொலைச்சிருப்பேன். அவர் சொன்னது என்னன்னா, "உன் கணக்குல தப்பில்லை அம்முணி. மார்க்கெட்டுதான் சரியில்லாமப் போச்சு. நீ மனசுல வெச்சுக்காத." நான் எந்திரிச்சுப் போயி, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். சொல்ல வாய் வரலை. அன்னிக்கு வரலை, அப்புறமும் வரலை.

ஒரு மாசம் வீட்டுல இருந்தார். இருமல் சுத்தமா இல்லை. ஒரு நாள் சைக்கிள்ல எங்கெங்கயோ சுத்திட்டு வந்து, "இளநீர்க் கடை போட்டா என்ன?"ன்னார். குண்டடம் பக்கத்துத் தோப்புல நேரா எடுத்துக்கலாம், தாராபுரம் ரோட்டுல ஒரு வேப்பமரத்தடியில இடம் பார்த்திருக்கேன், பக்கத்துலயே ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப்பு. எல்லாம் சொல்லிட்டு அதே மாதிரி ஒரு நோட்டை நீட்டினார். "காஸ்டிங் போட்டுக் குடு. நீ ஆகும்னா ஆகும்."

மறுபடியும் என்கிட்டயே! இந்தத் தடவை ஒரு பைசா கிள்ள மாட்டேன்னு என் தலையில நானே அடிச்சுச் சத்தியம் பண்ணிக்கிட்டேன். மழைக்காலம் மூணு மாசம் ஓடாதுன்னு போட்டேன். வெம்பினது, அழுகினது, வண்டி வாடகை, ரோட்டுல கடை போட்டா அப்பப்ப எடுக்கச் சொல்லுவாங்களே, அதுக்கு நாலு நாள் சும்மா இருக்கறது, எல்லாத்தையும் போட்டேன். சந்தேகம் வந்த இடத்துல எல்லாம் நஷ்டத்துப் பக்கமே போட்டேன். முதல் கணக்குல செஞ்ச பாவத்துக்கு இதுல பரிகாரம் தேடற மாதிரி. ஃபிட்டர் சம்பளத்தை விட மாசம் மூவாயிரம், நாலாயிரம் குறைவாத்தான் வந்துச்சு.

"கட்டுப்படி ஆகாதுங்க"ன்னேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "சரி அம்முணி"ன்னார். திங்கக்கிழமை காலையில டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கிட்டுப் பழைய கம்பெனிக்கே போனார். மாஸ்டர் திரும்பி வந்துட்டார்னு அங்க எல்லோருக்கும் சந்தோசமாம். வெக்கக்கேடு என்னன்னா, எனக்கும் அன்னிக்கு நிம்மதியா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் நேர்மையா ஒரு காரியம் பண்ணியிருக்கோம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு ஆபீஸ் போனேன்.

ஆடி மாசக் காத்துக்கே இருமல் திரும்பிடுச்சு. தலகாணி பழையபடி சுவத்துக்குப் போச்சு. அந்த வேப்பமரத்தடியில வேற யாரோ இளநீர் போட்டாங்க. எங்க கம்பெனி பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும். மாசம் மூவாயிரம் குறைச்சுச் சம்பாதிக்கறாரோ என்னமோ, அந்த ஆளு ஒரு தடவை கூட இருமி நான் பார்த்ததில்லை. அந்த ரெண்டாவது தாளை இப்பவும் மனசுக்குள்ள போட்டுப் பார்ப்பேன். எல்லா வரியும் சரிதான். ஆனா மழைக்கு ஒரு வரி, அழுகலுக்கு ஒரு வரி, வண்டிக்கு ஒரு வரின்னு எழுதினவ, அவர் நெஞ்சுக்குன்னு ஒரு வரி எழுதலை. முதல் தாள்ல அதுக்காகத்தான் பொய் சொன்னேன். ரெண்டாவதுல உண்மையைச் சொல்ற வீறாப்புல அதையே மறந்துட்டேன்.

போன மாசம் அவரைக் கோயம்புத்தூர்ல ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இப்பெல்லாம் பத்தடி நடந்தா நிக்கணும், பேசினா பாதி வார்த்தையில மூச்சு வாங்கும். டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. குழாய் ஒண்ணைக் குடுத்து ஊதச் சொன்னாங்க. அவர் ஊதினதைப் பார்த்துட்டு மறுபடியும் ஊதச் சொன்னாங்க. அப்புறம் எத்தனை வருஷமாப் பஞ்சுல வேலைன்னு கேட்டாங்க.

"முதல்ல பதினாறு வருஷமுங்க. நடுவுல ரெண்டு வருஷம் கடை வெச்சிருந்தனுங்க. அப்புறம் இப்ப வரைக்கும் ஒரு பத்து வருஷமுங்க."

"நடுவுல ரெண்டு வருஷம் இருமல் எப்படி இருந்துச்சுங்க?"

"அப்ப சுத்தமா நின்னு போயிருந்துச்சுங்க."

அந்தப் பொண்ணு எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. "நின்னு போச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குங்கய்யா திரும்பவும் அங்கயே போனீங்க?"

அவர் என் பக்கம் திரும்பிச் சிரிச்சார். மூச்சு வாங்கிக்கிட்டு, கொஞ்சம் பெருமையாவே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரி காஸ்டிங்ல கெட்டிக்காரிங்க. வேற தொழிலுக்கு எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. கட்டுப்படி ஆகலீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாங்க. நான் ஆமாங்கன்னு தலையை ஆட்டினேன்.